பிரிஸ்காட் என்பது இறைச்சியல்ல

நான் படித்ததும் பிறகு வேலை பார்த்ததும் பிரிஸ்காட் கல்லூரியில்தான். மாசசூசெட்ஸின் மேற்கு ஓரத்தில் இருக்கிற பெண்கள் கல்லூரி அது. விண்ணப்பிக்கிற பெண்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிவிடுவோம். உள்ளே வந்தவர்கள் கிரேக்கம், வானியல் என்று எதையாவது கரைத்துக் குடித்துவிட்டுப் போய் நீதிபதியாகவோ தூதராகவோ ஆவார்கள். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க, எங்கே படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் "பிரிஸ்காட்" என்பார்கள். கேட்டவர் "ஓ" என்பார். வாயில் நுழையாத வியாதியின் பெயரைச் சொன்னால் வருமே, அதே "ஓ".

என் மாமியார் பல வருஷமாகத் தன் தேவாலயத்தில், "நோரா, கெட்டுப்போன பொண்ணுங்களத் திருத்துற ஸ்கூல்ல வேலை பாக்கறா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்காக அங்கே பிரார்த்தனைகூட நடந்திருக்கிறது. திருத்திச் சொல்ல முயன்று கைவிட்டுவிட்டேன். பிரார்த்தனை நடந்தால் நடந்துவிட்டுப் போகட்டும்.

கல்லூரியின் விளம்பர அலுவலகத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். அலுவலகம் என்றால் நான், ஒரு தொலைபேசி, காகிதம் சிக்குகிற ஒரு ஃபேக்ஸ் இயந்திரம், அவ்வளவுதான். பெற்றோருக்கு அனுப்புகிற பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் என் தொலைபேசி எண் இருக்கும். அந்த எண்ணுக்கு யாரும் அழைத்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வசந்தகாலத்தில் எங்கள் கல்லூரித் தலைவர் ஆகஸ்டா தோர்ன் வாஷிங்டனில் ஒரு விருந்துக்குப் போனார். பக்கத்து நாற்காலியில் அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்த ஒருவர். அவர் சூப்பை உறிஞ்சிக்கொண்டே, "பிரிஸ்காட்டா? டைப்ரைட்டிங் சொல்லித் தருவாங்களே, அந்த எடம்தானே?" என்று கேட்டிருக்கிறார். ஆகஸ்டா தோர்ன் பழைய கிரேக்க நாடகங்களில் உலகமே மதிக்கிற அறிஞர். ஊர் திரும்பிய மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"நோரா, நம்மள ஏன் யாருக்கும் தெரியல?"

"நெஜமாவே கேக்கறீங்களா?"

"சூப்பக் குடிக்காம வந்திருக்கேன். நெஜமாத்தான் கேக்கறேன்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "நமக்கு ஃபுட்பால் டீம் இல்ல, மேடம். சனிக்கிழமையானா டிவியில பேர் வர்ற காலேஜத்தான் ஜனங்களுக்குத் தெரியும். நாம சின்ன காலேஜ். இங்கேர்ந்து போறவங்கள்ல பாதிப் பேர் கல்யாணம் பண்ணிப் பேர மாத்திக்கறாங்க, அப்புறம் நம்மாலயே அவங்களக் கண்டுபிடிக்க முடியல. மீதிப் பேர் மேல படிக்கப் போறாங்க. பேப்பர்ல அந்தப் பெரிய யுனிவர்சிட்டி பேருதான் வருது. செனட்டர் ஹாலோவெல் செத்தப்போ பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தார். எங்களிடம் நான்கு வருஷம் படித்தவர் செனட்டர் ஹாலோவெல். அவருடைய மரணச் செய்தியில் சட்டம் படித்த இடம் இருந்தது. கணவர் படித்த கல்லூரி இருந்தது. அவர் வளர்த்த நாய் எந்த ஜாதி என்பதுகூட இருந்தது. நாங்கள் இல்லை.

"இத சரி பண்ணணும்," என்றார் ஆகஸ்டா.

சரி பண்ணுவதற்கு நியூயார்க்கிலிருந்து பிரைஸ் என்று ஒருவர் வந்தார். பெயர்களுக்குப் புகழ் சேர்த்துத் தருவதுதான் தன் தொழில் என்றார். காலில் ஷூ இருந்தது, சாக்ஸ் இல்லை. முதல் வேலையாக எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிற ஒரு வணிக வளாகத்தில் ஆட்களை நிறுத்தி, போகிறவர் வருகிறவரையெல்லாம் "பிரிஸ்காட் என்றால் என்ன" என்று கேட்க வைத்தார். நூற்றுக்கு மூன்று பேர்தான் கல்லூரி என்றார்கள். மற்றவர்களில் சிலர் இருமல் மருந்து என்றார்கள், சிலர் வக்கீல் கம்பெனி என்றார்கள். ஒருவர், "அங்க சாப்பிட்டிருக்கேன், சாஸ்ல சர்க்கரை ஜாஸ்தி" என்றார்.

அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது. மாட்டின் நெஞ்சுக்கறிக்கு எங்கள் நாட்டில் பிரிஸ்கட் என்று பெயர். தெற்கத்திக்காரர்கள் அதை நாள் பூராவும் புகையில் வேகவைத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்பார்கள். எங்களை நிறுவிய எலைசா பிரிஸ்காட் அம்மையாருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் கல்லூரிக்குத் தாய்வழிப் பெயரை வைத்திருப்பார்.

பெயரை மாற்றிவிடலாம் என்றார் பிரைஸ். பழைய மாணவிகளின் கூட்டத்தில் அதைச் சொல்லவும் செய்தார். முன்வரிசையில் முத்துமாலை போட்டிருந்த ஒரு வயதான அம்மாள் எழுந்தார்.

"தம்பி, தெரிய வேண்டியவங்களுக்கு எங்களத் தெரியும்."

"யாருக்கு மேடம் தெரிய வேணும்?"

"நீங்க இப்படிக் கேக்கறதுலேயே புரியலையா?"

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. பெயர் மாறவில்லை. பிரைஸ் நியூயார்க்குக்குப் போய் வேறு யோசனை செய்வதாகச் சொன்னார்.

அக்டோபரில் என் தொலைபேசி அடித்தது. அது அடிக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது. ஒஹையோவிலிருந்து ஓர் ஆண் குரல்.

"பிரிஸ்கட் கம்பெனியா? மொத்தமா எடுத்தா என்ன வெல போடுவீங்க?"

"இது காலேஜ் சார்."

"அது சரிம்மா. கறி என்ன வெல?"

தவறான எண் என்று வைத்துவிட்டேன். மதியத்துக்குள் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருத்திக்குக் கல்யாண விருந்துக்கு வேண்டுமாம். மறுநாள் பென்சில்வேனியாவிலிருந்து ஒருவர் கறி கேட்கவில்லை, திட்டினார். "உங்க டிரைவர் என்ன மனுஷனா மாடா? கையக் காட்டாம லேன் மாறுறான்."

"எந்த டிரைவர்?"

"உங்க லாரிம்மா. நம்பர்தான் பின்னால பெரிசா எழுதியிருக்கே."

அன்று மாலை இந்தியானாவில் ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு பெண் பேசினாள். அவள் நிதானமானவள். லாரி கடை வாசலிலேயே நிற்கிறது, வாசிக்கிறேன் என்றாள். வாசித்தாள்.

"'எம் பொண்ணு பிரிஸ்காட் காலேஜ்ல படிக்கறா. கேள்விப்பட்டதில்லையா? இப்பக் கேட்டாச்சு. சந்தேகம்னா ஃபோன் பண்ணு.' இதுக்குக் கீழ உங்க நம்பர் இருக்கு. அதுக்கும் கீழ மாட்டுத் தலை."

"மாட்டுத் தலையா?"

"கறிக் கம்பெனி லாரி போலருக்கு, மேடம். நெப்ராஸ்கா நம்பர் பிளேட்."

நெப்ராஸ்காவிலிருந்து எங்களிடம் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். மார்லிஸ் கொபெக்கி, கடைசி வருஷம், லத்தீன். உணவுக்கூடத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த தட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எங்கப்பாதான்," என்றாள் தட்டுக்குப் பின்னாலிருந்து. "நம்பர வேற போட்டுட்டாரா?"

அவள் சொன்ன கதை இது. அவளுடைய அப்பா டுவேன், குளிர்சாதன லாரியில் மாட்டிறைச்சி ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரை வரை போய் வருகிறவர். அவருடைய அண்ணன் லைல். லைலின் மகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணியில் இருக்கிறான். மூன்று வருஷமாக ஓர் ஆட்டத்தில்கூட அவனை இறக்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். இருந்தாலும் அவர்கள் ஊரில் பெட்ரோல் பங்க் முதல் வங்கி வரை அவன் படம் ஒட்டியிருக்கிறது. டுவேன் தன் மகளைப் பற்றி வாய் திறந்தால் காப்பிக் கடையில் ஒவ்வொருவரும், "பிரிஸ்காட்டா? முடி வெட்டச் சொல்லித் தர்ற எடமா?" என்பார்கள். மேசை முழுக்கச் சிரிக்கும். லைல், "நல்லதுதான் தம்பி, எனக்கும் சலூன் செலவு மிச்சம்" என்பார்.

"போன கோடையில ஒரு நாள் அப்பா காப்பியக் குடிக்காம எந்திரிச்சு வந்தாரு. மறுநாள் பெயிண்ட் வாங்கிட்டு வந்தாரு. கறுப்பு பெயிண்ட். நான் வெறும் பேர மட்டும் எழுதுவாருன்னு நெனச்சேன்." தட்டை இறக்கினாள். "அழிக்கச் சொல்லட்டுமா?"

"கொஞ்சம் பொறு," என்றேன். ஏனென்று எனக்கே தெரியவில்லை. என் தொலைபேசிக்கு முதல்முறையாக வேலை வந்திருந்தது, ஒருவேளை அதனாலாக இருக்கலாம்.

இந்த விஷயம் தலைவரின் காதுக்குப் போகாமல் நான் இரண்டு வாரம் காப்பாற்றினேன். அப்புறம் சிகாகோவில் இருக்கிற எங்கள் அறங்காவலர் ஒருவர் காரில் போகும்போது லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, அரை மணி நேரம் அந்த எழுத்துகளையே பார்த்தபடி போயிருக்கிறார். வீட்டுக்குப் போனதும் ஆகஸ்டாவை அழைத்தார். "நம்ம காலேஜ் பேருக்கடியில மாடு சிரிக்குது, ஆகஸ்டா," என்றாராம்.

ஆகஸ்டா என்னை அழைத்த அதே நேரத்தில் பிரைஸின் இரண்டாவது ஆய்வும் வந்து சேர்ந்தது. இந்த முறை நாடு முழுக்கக் கேட்டிருந்தார். பிரைஸ் தொலைபேசியில் குதூகலமாக இருந்தார்.

"மூணுலேருந்து பதினாலுக்குப் போயிருக்கோம். நான் அப்பவே சொல்லல?"

"அந்தப் பதினாலு பேரும் நாம காலேஜ்னு சொன்னாங்களா?" என்று கேட்டார் ஆகஸ்டா.

"ஒம்போது பேர் கறின்னாங்க," என்றார் பிரைஸ். "ஆனா நல்ல கறின்னு சொன்னாங்க."

ஆகஸ்டா தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பெற்றோர் வருகிற வார இறுதி நெருங்கிக்கொண்டிருந்தது. "அந்த மனுஷர் வருவாரா?" என்றார். வருவார் என்று மார்லிஸ் சொல்லியிருந்தாள். பாஸ்டனுக்கு ஒரு லோடு இருந்ததாம், அப்படியே வந்துவிடுவாராம். அப்படியே என்றால் லாரியோடு என்று எங்களுக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை அந்த லாரி எங்கள் நூலகத்துக்கு முன்னால் வந்து நின்றது. பக்கத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் நிறுத்தியிருந்த ஸ்வீடன் கார்கள் விளையாட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டன. குளிர்சாதனம் ஓடுகிற சத்தத்தில் பாடகர் குழு பாட்டை நிறுத்திவிட்டது. ஓட்டுநர் அறையிலிருந்து இறங்கினார் டுவேன் கொபெக்கி. ஒல்லியான மனிதர், நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. மார்லிஸ் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். உடனே எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள்.

"நிறுத்தினா கறி கெட்டுடும், கண்ணு."

ஆகஸ்டா படியிறங்கி வந்தார். டுவேன் தொப்பியைக் கழற்றினார்.

"நீங்கதான் ஓனரா, மேடம்?"

"தலைவர்."

"சந்தோஷம். பொண்ண நல்லாப் பாத்துக்கறீங்க."

ஆகஸ்டா லாரியின் பின்புறம் போய் நின்று எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் வாசித்தார். "பிரிஸ்காட்டுக்குக் கடைசியில ரெண்டு 'டி' வரும், மிஸ்டர் கொபெக்கி."

"தெரியும் மேடம். எடம் பத்தல."

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

டுவேன் தொப்பியைக் கையில் சுழற்றினார். "நான் நாடு பூரா சுத்தறவன். வண்டி நிறுத்தற எடத்துலயெல்லாம் கேட்டுப் பாத்துட்டேன். பிரிஸ்காட் காலேஜ் தெரியுமான்னு. ஒருத்தனுக்கும் தெரியல. டெலவேர்ல ஒருத்தி மட்டும் தெரியும்னா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அப்புறம் பாத்தா அவ நெனச்சது நாய்க்குட்டி விக்கிற எடம். எம் பொண்ணு லத்தீன் படிக்கறா, மேடம். எங்க ஊர்ப் பாதிரியாருக்கே லத்தீன் வராது. இத நான் யாருகிட்ட போய்ச் சொல்றது? சொன்னா மொதல்ல காலேஜ வெளக்கணும், அப்புறம் லத்தீன வெளக்கணும், அதுக்குள்ள அவன் காப்பியக் குடிச்சிட்டுப் போயிடறான்."

மார்லிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்டா திடீரென்று வாஷிங்டன் விருந்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலி மனிதர், டைப்ரைட்டிங், எல்லாவற்றையும் சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் டுவேன்.

"ஒண்ணும் சொல்லல. சூப்பப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

"நானும் அன்னிக்கு ஒண்ணும் சொல்லல, மேடம். பெயிண்டு மறுநாள்தான் வாங்குனேன்."

ஆகஸ்டா சிரித்தார். அவரோடு வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் அப்படிச் சத்தமாக நான் கேட்டதில்லை. அழிக்கச் சொல்லவில்லை. தொலைபேசி எண்ணை மட்டும் மாணவியர் சேர்க்கை அலுவலகத்தின் எண்ணாக மாற்றச் சொன்னார். டுவேன் அன்றைக்கே, பெற்றோர் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஏணி போட்டு ஏறி மாற்றினார். ஓவியத் துறைப் பேராசிரியை ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

இது அப்படியே நீடித்திருந்தால் நன்றாயிருக்கும். நீடிக்கவில்லை. பெண்ணைச் சேர்க்க வேண்டும், விடுதி உண்டா, கணக்கு வராவிட்டால் பரவாயில்லையா என்று இறைச்சிக் கம்பெனிக்கு அழைப்புகள் போக ஆரம்பித்தன. பின்கதவில் எங்கள் எண் இருந்தால் பக்கவாட்டில் அவர்கள் எண் இருந்தது. அதைப் பார்த்தவர்கள் அதற்குப் பேசினார்கள். கம்பெனி கடுப்பாகிவிட்டது. எங்களோடு பெயர் சேர்ந்து வருவதால் தங்கள் பெயர் கெடுகிறது என்று டுவேனிடம் சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் கல்லூரியால் தன் மானம் போகிறது என்று ஒரு மாட்டுக்கறி வியாபாரி சொல்லி அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். நவம்பர் கடைசியில் வருகிற நன்றி கூறும் பண்டிகைக்கு முன்பாக டுவேன் எல்லாவற்றையும் வெள்ளையடித்து மறைத்தார். மறைத்ததும் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "ரெண்டாவது 'டி'யும் போட்டிருந்தேன், மேடம். சின்னதா, ஓரத்துல."

பிரைஸின் மூன்றாவது ஆய்வில் நாங்கள் நாலுக்கு இறங்கியிருந்தோம். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் வரவில்லை.

மார்ச்சில் மார்லிஸுக்கு ஹார்வர்டில் சட்டம் படிக்க இடம் கிடைத்தது. அவள் அதை என்னிடம் சொன்னபோது, பரீட்சை முடிந்த பிள்ளை மாதிரி இருந்தாள். ஊரில் கொண்டாட்டம். அவர்கள் வட்டாரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் படம் வந்தது. வங்கி ஜன்னலில் லைலின் மகன் படத்துக்குப் பக்கத்திலேயே இவள் படத்தையும் ஒட்டினார்கள். டுவேன் அந்தச் செய்தியை எனக்கு ஃபேக்ஸ் செய்தார். பாதிக் காகிதம் சிக்கிக்கொண்டாலும் வேண்டியது தெரிந்தது. 'கிழக்கே நான்கு வருடங்களைக் கழித்த பிறகு செல்வி கொபெக்கி ஹார்வர்டில் சேர்கிறார்' என்று போட்டிருந்தார்கள். ஜெயிலிலிருந்து விடுதலையானவளைப் பற்றி எழுதுகிற மாதிரி.

நான் அவரை அழைத்தேன். "காப்பிக் கடையில என்ன சொல்றாங்க?"

"கையக் குலுக்கறாங்க, மேடம். எல்லாரும் வந்து வந்து குலுக்கறாங்க. லைல் எனக்கு ஒரு பை வாங்கிக் கொடுத்தாரு, செர்ரிப் பழம் வச்சுச் சுட்ட பை. இவ இன்னும் ஹார்வர்டுக்கு ஒரு நாள்கூடப் போகல. உங்ககிட்ட நாலு வருஷம் தூங்காமப் படிச்சா. அதுக்கு யாரும் ஒரு காப்பி வாங்கித் தரல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"செர்ரி பையத் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு."

மே மாதம் பட்டமளிப்புக்கு கொபெக்கி குடும்பமே வந்தது. டுவேன், அவர் மனைவி, மார்லிஸின் தங்கை ஏவிஸ், கூடவே பெரியப்பா லைலும். எங்கள் பட்டமளிப்பு புல்வெளியில் நடக்கும். மடக்கு நாற்காலிகள், ஒரு சின்ன மேடை, மழை வந்தால் ஒதுங்க ஒரு கூடாரம். லைல் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"மிச்ச ஜனமெல்லாம் எங்க?"

"இவ்ளோதாண்ணே," என்றார் டுவேன்.

"எங்க ஆட்டத்துக்குப் பாப்கார்ன் விக்கிறவங்களே இதவிட ஜாஸ்தி இருப்பாங்க."

ஆனால் பெயர்களை வாசிக்கத் தொடங்கியபோது லைல் பேச்சை நிறுத்தினார். ஒவ்வொரு பெண்ணும் மேடையேறும்போது அவள் என்ன படித்தாள் என்றும் சொல்வது எங்கள் வழக்கம். நட்சத்திரங்களின் பிறப்பு என்றார்கள், பழைய ரோமாபுரியில் தண்ணீர் வரி என்றார்கள், தவளையின் தோல் என்றார்கள். தவளை என்றதும் லைல் தம்பியின் விலாவில் இடித்தார். மார்லிஸின் பெயர் வந்தபோது டுவேன் எழுந்து நின்றார். எங்கள் புல்வெளியில் யாரும் எழுந்து நிற்பதில்லை, மெல்லக் கைதட்டுவோம். அவர் விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். நெடுஞ்சாலையில் பக்கத்து லாரிக்கு அடிக்கிற விசில் அது. முத்துமாலைக்காரிகள் எல்லோரும் திரும்பினார்கள். லைலும் எழுந்து விசிலடித்தார். அவர் விசில் தம்பியுடையதைவிடப் பெரிது.

மதியச் சாப்பாடு கூடாரத்தில். உருளைக்கிழங்கு சாலட், குளிர்ந்த சால்மன், கையகல ரொட்டி. ஆகஸ்டா தட்டோடு வந்து அவர்கள் மேசையிலேயே உட்கார்ந்தார். லைல் அவரிடம், இந்தக் கல்லூரி இவ்வளவு கெட்டிக்காரக் கல்லூரியாக இருந்தால் வெளியே ஏன் ஒரு பெரிய பலகை வைக்கக் கூடாது என்று கேட்டார். வைத்தால் முத்துமாலைக்காரிகள் அதை வெட்டிச் சாய்த்துவிடுவார்கள் என்றார் ஆகஸ்டா. அப்புறம் ஏவிஸ் பக்கம் திரும்பினார். பதினேழு வயது, அக்காவைவிட உயரம், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீ அடுத்த வருஷம் அப்ளை பண்ணுவல்ல? உன் மார்க்கெல்லாம் அக்கா சொன்னா. உனக்கு இங்க எடம் நிச்சயம்."

பிரிஸ்காட் தலைவர் அப்படி யாரிடமும் சொல்லி நான் பார்த்ததில்லை. ஏவிஸ் ரொட்டியை மென்று விழுங்கினாள்.

"இல்ல மேடம். நான் ஸ்டேட் யுனிவர்சிட்டிக்குப் போறேன். பேண்டுல டிராம்போன் வாசிக்க."

"யோசிச்சுட்டுச் சொல்லேன்."

"யோசிச்சுட்டேன். எனக்கு ஜனங்களுக்கு வெளக்கிச் சொல்ற பொறுமையெல்லாம் கெடையாது."

அம்மாவின் முகம் சிவந்தது. லைல் சிரிப்பை அடக்க சால்மனை வாயில் திணித்துக்கொண்டார். நான் டுவேனைப் பார்த்தேன். அந்த மனிதர் வருத்தப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, ரொம்ப தூரம் ஓட்டிவந்து வண்டியை ஓரங்கட்டியவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சரி கண்ணு," என்றார். "ஒன் இஷ்டம்."

மார்லிஸ் தங்கையைப் பார்த்து லத்தீனில் ஏதோ சொன்னாள், நீளமாக, பல்லைக் கடித்துக்கொண்டு. ஆகஸ்டாவுக்கு மட்டும்தான் புரிந்தது, சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. என்ன சொன்னாள் என்று லைல் திரும்பத் திரும்பக் கேட்டார். இரண்டு பேருமே சொல்ல மறுத்துவிட்டார்கள்.